இடப்பக்க விளக்கு

டிசம்பர் 1, திங்கள்

இந்த நாட்குறிப்பை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. பாளையங்கோட்டையில் என் வீட்டுக்காரருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மெர்லின் எனக்குக் கொடுத்த வீட்டுப்பாடம் இது. இருபத்தெட்டு வருஷமாக எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு வீட்டுப்பாடம் கொடுத்து அழவைத்த பாவம், நான் ஓய்வு பெறுவதற்குள் என்னைத் தேடி வந்துவிட்டது.

இவருக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு ஏழு வாரம். கால் பரவாயில்லை, கோல் ஊன்றி நடக்கிறார். வலது கை சொன்னபடி கேட்பதில்லை. பேச்சு மொத்தமும் போய் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது: போதும். காபி வேண்டுமா என்றால் போதும். ஃபேனைக் கூட்டவா என்றால் போதும். வெளியே மழை பெய்கிறது என்றால் அதற்கும் போதும். மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருஷம் கம்பம் கம்பமாக ஏறி ஊருக்கெல்லாம் விளக்கு எரியவைத்த மனிதர். இருந்த சொற்களெல்லாம் போய் இது மட்டும் ஏன் தங்கியது என்று டாக்டருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அதிகம் சொன்ன சொல் இதுதான். ஃபியூஸ் கட்டையைத் தொட்டால், "போதும், நான் பாத்துக்கிடுதேன்." கார் சாவியை எடுத்தால், "போதும், வை அங்க."

"அந்த வார்த்தையப் பாக்காதீங்க வடிவு டீச்சர், அத எப்படிச் சொல்லுதாங்கன்னு பாருங்க," என்றாள் மெர்லின். "ஒரு டைரி போடுங்க. எப்போ சொன்னாங்க, எங்க சொன்னாங்க, அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தோணுது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் வாங்கிப் பாக்கேன்."

சரி. இன்று பதினான்கு முறை. இடம்: வீடு முழுக்க. அர்த்தம்: கடவுளுக்கே வெளிச்சம்.

வெளிச்சம் என்றதும் ஞாபகம் வருகிறது. பயிற்சி முடிந்து அம்பாசமுத்திரத்துக்குத் திரும்பும் வழியில், சேரன்மகாதேவி தாண்டியதும் காரின் இடப்பக்க ஹெட்லைட் அணைந்துவிட்டது. இரண்டு பக்கமும் வயல், தெருவிளக்கு கிடையாது. ரோட்டோரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒருவரைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். அந்த விளக்குப் பக்கம் ஏற்கெனவே எங்கள் கார் ஷெட் தூணில் இடித்து நசுங்கியது. அது எப்படி நடந்தது என்பது இந்த நோட்டுக்குத் தேவையில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

மெக்கானிக் சுடலைமுத்துவின் ஷெட் பூட்டிக் கிடக்கிறது. வீட்டுக்கே போய்க் கேட்டேன். "மாலை போட்டுட்டு மலைக்குப் போயிருக்காவ டீச்சர். வர பதினஞ்சு தேதி ஆயிரும்," என்றாள் அவர் மனைவி. இன்னொரு பட்டறையில் விளக்கை வெளியில் நின்றே பார்த்துவிட்டு, "மொத்த செட்டையும் மாத்தணும். வண்டிய மூணு நாள் விட்டுட்டுப் போங்க," என்றான். வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி. வேறு நேரம் காலி இல்லை. பேச்சு திரும்புவதென்றால் முதல் மூன்று மாதத்தில்தான் நிறையத் திரும்பும் என்று மெர்லின் சொல்லியிருக்கிறாள். அதில் பாதிக்கு மேல் கரைந்தாயிற்று. இவரால் பஸ் ஏற முடியாது. வாடகைக் கார் கேட்டால், ஊரில் இருக்கிற கார் எல்லாம் சாமிமாரை ஏற்றிக்கொண்டு சபரிமலை போய்விட்டன. ஐயப்பன்மீது எனக்குக் கோபமில்லை. ஆனாலும் இவ்வளவு பேரை ஒரேயடியாகக் கூப்பிட வேண்டுமா?

இரவுச் சாப்பாட்டுக்கு முன் மதுரையிலிருந்து கொழுந்தன் உலகநாதன் போன். விளக்கு விஷயத்தை உளறிவிட்டேன்.

"மைனி, நான் அப்பமே சொன்னேன்லா. அண்ணன இங்க கொண்டாந்து விட்டுருங்க. தெரு முனையிலயே ஆஸ்பத்திரி இருக்கு. நீங்க அந்த ஓட்டக் கார வச்சிக்கிட்டு என்னத்துக்குச் சீரழியுதிய? பதினாலாம் தேதி ஞாயித்துக்கிழம நான் வாரேன். கூட்டிட்டுப் போயிருதேன்."

நல்லவர்தான். நல்லவர்களிடம்தான் பதில் சொல்ல முடிவதில்லை. எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம் வேலை இருக்கிறது. இவர் மதுரை போனால் தனியாகத்தான் போவார். எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. பூட்டின வீட்டைத் திறந்து நான் யாரிடம் எரிந்து விழுவது?

ஒரு பல்பு. ஒரே ஒரு பல்பு. நானே மாட்டிவிடுகிறேன்.

இன்று பதினொன்று. அர்த்தம்: எண்ணியதோடு சரி.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகைத் தீபம். பாளையங்கோட்டையிலிருந்து வீடு வரும்வரை வழியில் இருக்கிற எல்லா வாசலிலும் வரிசையாக அகல். என் காருக்கு மட்டும் ஒற்றைக் கண். முப்பதுக்கு மேல் வேகம் வைக்கவில்லை. பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்தான்.

டிசம்பர் 4, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டதும் கடைத்தெருவில் இரண்டு பல்பு வாங்கினேன், ஒன்று மாட்ட, ஒன்று கையிருப்புக்கு.

எங்கள் வீட்டில் புதுச் சாமான் எதையும், அது மிக்ஸியோ பரீட்சைப் பேனாவோ, சாமி படத்துக்கு முன்னால் வைக்காமல் எடுத்ததில்லை. இரண்டு பல்பையும் தட்டில் வைத்து, கண்ணாடி வயிற்றில் மோதிர விரலால் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. அப்போதுதான் கோலைத் தட்டிக்கொண்டு வந்தார். தட்டைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்: "போதும்! போதும்! போதும்!" இடது கையை வீசின வீச்சில் குங்குமச் சிமிழ் கவிழ்ந்தது.

சாமி காரியத்திலுமா? நான் ஒரு காரியம் செய்ய வந்துவிட்டால் இவருக்குப் பொறுக்காது.

ஒன்பது முறை. இடம்: பூஜை அலமாரி முன். அர்த்தம்: திமிர்.

டிசம்பர் 5, வெள்ளி

பரீட்சை மேற்பார்வை முடிந்து வரவே நேரமாகிவிட்டது, பல்பு மாட்ட முடியவில்லை. இன்றும் ஒற்றைக் கண்தான்.

மெர்லின் நோட்டை வாங்கிப் பார்த்தாள். "திமிர்" என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "டீச்சர், நூறு வார்த்த இருக்கிறவங்க கோவத்துக்கு ஒண்ணு, பயத்துக்கு ஒண்ணுன்னு எடுத்துக்கிடுவாங்க. சாருக்கு எல்லாத்துக்கும் அந்த ஒண்ணுதான்," என்றாள்.

இருபத்தாறு வயசுப் பெண். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இவளுக்கு என்ன தெரியும்?

டிசம்பர் 6, சனி

மூன்று மணி நேரம். ஒரு பல்புக்கு!

பானட்டைத் திறந்தால் இடப்பக்கம் பேட்டரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் விளக்குக்கும் நடுவில் இருக்கிற சந்தில் கையை விட வேண்டும். வளையலைக் கழற்றினேன். வாட்சைக் கழற்றினேன். தோலையும் கழற்றினால்தான் போகும் போலிருந்தது. பின்பக்கம் ஒரு வயர்ச் செருகி. அதைப் பிடுங்கினால் ஒரு ரப்பர் தொப்பி. அதற்குள்ளே ஹேர்பின் மாதிரி ஒரு கம்பி. அந்தக் கம்பிதான் பல்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கண்ணால் பார்க்க வழி கிடையாது, எல்லாம் விரலால் தடவித்தான். இதை வடிவமைத்தவனுக்குக் கை இருந்திருக்காது, அல்லது பொண்டாட்டி இருந்திருக்க மாட்டாள்.

புது பல்பில் மூன்று காது. ஒன்று மட்டும் பெரிசு. மூன்றும் அதனதன் பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் கம்பி மூடும். பொட்டு அழியக்கூடாது என்று இரும்புப் பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மாட்டினேன். காது உட்காரவில்லை. கம்பி இரண்டு தடவை என் நகத்தடியில் குத்தியது.

இவர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு போதும், போதும், போதும். எண்ணினேன், இருபத்திரண்டு. கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க கை நல்லாருந்தா நீங்களே மாட்டுங்க. இல்லன்னா சும்மா இரிங்க!" என்று கத்திவிட்டேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடிந்தால் அப்போதே எடுத்திருப்பேன்.

அதற்குப் பிறகு ஒரு போதும்கூட இல்லை. கம்பி எப்படியோ மூடியது. சாவியைத் திருப்பினேன். எரிந்தது!

யாரும் கைதட்டவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

விடைத்தாள் திருத்தினேன். நாற்பத்திரண்டு. இவர் இன்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

போனோம், வந்தோம். இரண்டு விளக்கும் எரிந்தன. ரோட்டோரம் நடந்த நாய்கூடத் தெளிவாகத் தெரிந்தது. உலகநாதனுக்கு நானே போன் போட்டு, "மாட்டிட்டேன், எரியுது," என்றேன். "நீங்களா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இனித்தது.

டிசம்பர் 10, புதன்

பத்தமடை தாண்டியதும், தூறலில், 'பட்'டென்று ஒரு சத்தம். இடப்பக்கம் இருட்டு. மாட்டி நாலே நாள்தான் ஆகிறது.

முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே ஊர்வரை வந்தேன். பஸ் நின்ற இடத்தில் எல்லாம் நின்றேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் உலகநாதன் போன். குரலிலேயே கண்டுபிடித்துவிட்டார். "மைனி, போதும். விட்டுருங்க," என்றார். தம்பிக்கும் அதே சொல்தான் கிடைத்தது.

டிசம்பர் 11, வியாழன்

வெடித்த பல்பைக் கழற்றினேன். இப்போது கம்பி எனக்குப் பழகிவிட்டது. கண்ணாடி ஒரு இடத்தில் கொப்புளம் மாதிரி உப்பிப் பிளந்திருக்கிறது. அந்த இடத்தில் வட்டமாகத் தீய்ந்த கறுப்புக் கறை. மட்டமான சரக்கு.

அட்டைப்பெட்டியை இன்றுதான் நிதானமாகப் பார்த்தேன். ஒரு கை படம் போட்டு அதன்மேல் குறுக்கே கோடு. தொடாதே என்று அர்த்தம் போலிருக்கிறது. கேள்வியை இரண்டு தடவை படியுங்கள் என்று பிள்ளைகளிடம் தொண்டை வற்றக் கத்துகிறவள் நான். ஆனால் நான்தான் கண்ணாடியில் கை வைக்கவே இல்லையே? இரும்பைப் பிடித்துத்தானே மாட்டினேன்?

டிசம்பர் 12, வெள்ளி

பகல் முழுக்க அடைமழை. ஒற்றை விளக்கோடு இறங்கத் தைரியம் வரவில்லை. போகவில்லை. ஒரு வகுப்பு போயிற்று.

நாலரை மணிக்கே சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். "போதும்," என்றார். ரொம்ப மெதுவாக. அர்த்தம் எழுதத் தெரியவில்லை.

டிசம்பர் 13, சனி

நாளை உலகநாதன் வருகிறார்.

காலையில் இரண்டாவது பல்பைப் பூஜை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு காரிடம் போனேன். இவர் எனக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கையை நீட்டினார். "என்ன?" என்றேன். "போதும்," என்று விரலை ஆட்டினார். கொடு என்று புரிந்தது. கொடுத்தேன். கண்ணாடி படாமல் இரும்புப் பக்கம் பிடித்து வாங்கினார். தொடையில் வேட்டியை மேலே இழுத்து, பல்பை அதில் வைத்து, சந்தனத்தையும் குங்குமத்தையும் தேய் தேய் என்று தேய்த்தார். வேட்டி சிவப்பானது. தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். திரும்பவும் தேய்த்தார். பிறகு வெடித்த பல்பைக் காட்டினார், அந்த வட்டக் கறையை.

நான் வைத்த பொட்டு!

கண்ணாடியில் பிசுக்கு இருந்தால் சூட்டில் அந்த இடம் மட்டும் பழுத்துப் பிளந்துவிடும். இந்த மனிதர் கம்பத்தின் உச்சியில் இதே சாதி விளக்கைத் துணி சுற்றிப் பிடித்து மாட்டியவர். ஒன்பது தடவை கத்திச் சொல்லியிருக்கிறார். நான் உட்கார்ந்து 'திமிர்' என்று எழுதியிருக்கிறேன்.

பிறகு இரண்டு பேருமாக மாட்டினோம். நான் காதைத் திருப்ப, அவர் எட்டிப் பார்த்து, தப்பு என்றால் வெடுக்கென்று "போதும்!", சரி என்றால் இழுத்து "போ...தும்." கணக்கில் கழித்தலும் கூட்டலும் மாதிரி அவ்வளவு தெளிவு. பத்து நிமிஷத்தில் கம்பி 'டக்'கென்று விழுந்தது. விளக்கைப் போட்டதும் சுவரில் வட்டமாக வெளிச்சம். அதைப் பார்த்து அவர் சொன்ன போதும் வேறு ரகம். சோறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சொல்கிற போதும்.

இனி எழுதப்போவது மெர்லினுக்கு அல்ல. இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்றிருக்கிறேன்.

லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷமாகியும் இவர் எனக்குச் சாவி தந்ததில்லை. அக்டோபரில் ஒரு நாள் கேட்காமலே எடுத்தேன். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து ஷெட்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தேன். இவர் இடப்பக்கத் தூண் அருகில் நின்று, "போதும்!" என்றார். போதும், நீ ஓட்டினது, இறங்கு என்று என் காதில் விழுந்தது. அந்த ஆத்திரத்தில் இன்னும் கொஞ்சம் மிதித்தேன். இடித்தது. அதற்குப் பிறகு நாலு நாள் இரண்டு பேரும் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலை காபி கொடுத்தேன். வாங்கவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வாய் கொஞ்சம் கோணியிருந்த மாதிரி இருந்தது. இன்னும் முறுக்கா என்று நினைத்து, டம்ளரை டீப்பாயில் ணங்கென்று வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். சாயங்காலம் நாலரைக்கு வந்தபோது அதே நாற்காலி, அதே காபி, ஆடை படிந்து.

காலையிலேயே கொண்டு வந்திருந்தால் பேச்சு இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். "காலையில நல்லாத்தான் இருந்தாங்க," என்று அவரிடம் பொய் சொன்னேன். உலகநாதனிடமும் அதையே சொன்னேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

உலகநாதன் வந்தார். பழம், ஹார்லிக்ஸ், அண்ணனுக்குப் புது வேட்டி. சாப்பாடு முடிந்ததும் இவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, எங்கூட மதுரைக்கு வாரியளா?"

"போதும்," என்றார் இவர்.

"பாத்தியளா மைனி? இங்க இருந்தது போதும்னு அண்ணனே சொல்லுதாவ."

அந்தச் சொல்லை வைத்து எந்தப் பக்கமும் வழக்காடலாமே! இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வெடுக்கென்று விழுந்த போதும். காது தப்பான பள்ளத்தில் போனபோது நேற்று விழுந்த அதே போதும்.

"அது அந்தப் போதும் இல்ல தம்பி," என்றேன்.

"எந்தப் போதும்? போதும்னா போதும்தான்."

நோட்டை எடுத்து வந்து காட்டினேன். நேற்று எழுதியது வரும் முன் புரட்டுவதை நிறுத்திக்கொண்டேன். அவர் சமாதானம் ஆகவில்லை. "சரி, நாளைக்கு நானும் பின்னால உக்காந்து வாரேன். நீங்க எப்படி ஓட்டுதியன்னு பாக்கேன். பயமா இருந்துச்சுன்னா செவ்வாய்க்கிழம காலைல அண்ணனக் கூட்டிட்டுக் கெளம்பிருவேன். அப்பறம் என்னயக் குத்தம் சொல்லப்பிடாது."

"சொல்லல," என்றேன்.

டிசம்பர் 15, திங்கள்

மூன்று பேரும் போய் வந்தோம். போகும்போது வெளிச்சம் இருந்ததால் கஷ்டமில்லை. திரும்பும்போது சேரன்மகாதேவிக்கு முன்பே இருட்டிவிட்டது. இரண்டு விளக்கும் ரோட்டை ஓரம்வரை காட்டின. உலகநாதன் பின்சீட்டில் இருந்து, "மாடு மைனி," "பள்ளம் மைனி," "மொள்ள மைனி," என்று விடாமல் ஜபம் செய்தார். இவர் என் பக்கத்தில் வாயே திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டைத் திறந்தாயிற்று. ஷெட்டுக்குள் விட வேண்டும். வழக்கமாகக் காரைத் தெருவிலேயே நிறுத்திவிடுவேன். இன்று உலகநாதன் பார்க்கிறாரே என்று உள்ளே திருப்பினேன். என் இருக்கையிலிருந்து இடப்பக்க மூலை தெரியாது.

"வாங்க, வாங்க, வரலாம் மைனி, நெறய எடம் கெடக்கு, வரலாம்," என்றார் உலகநாதன் பின்னாலிருந்து.

"போதும்!" என்றார் இவர்.

நிறுத்தினேன். கால் தானாகவே பிரேக்கில் அழுந்தியது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிச் சுற்றிப்போய்ப் பார்த்தேன். புது விளக்குக்கும் தூணுக்கும் நடுவில் நாலு விரல். தூணில் பழைய காயத்தின் வெள்ளைக் கோடு. அதற்கு நேர் எதிரே, அன்றைக்கு இவர் நின்ற இடம். அங்கே நின்றால் இந்த மூலை நன்றாகத் தெரியும்.

உலகநாதனும் இறங்கி வந்து பார்த்தார். நாலு விரலையும் வைத்துப் பார்த்தார். சாப்பிடும்போது, "நான் மட்டும் காலைல பஸ்ஸுக்குப் போறேன் மைனி," என்றார். அக்டோபரில் அந்தக் காலை நான் கொடுத்த காபியை இவர் வாங்காத கதையை அப்போது அவரிடம் சொன்னேன். கையில் எடுத்த சோற்றை அப்படியே இலையில் வைத்தார். பிறகு எழுந்து கை கழுவப் போனார்.

நேற்று முன்தினம் எழுதிய பக்கத்தைக் கிழிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மெர்லின் படிக்கட்டும்.

இன்று: ஒரு முறை.

எங்கே: ஷெட்டில், தூண் அருகே.

அர்த்தம்: நிறுத்து. அன்றைக்கும் இதைத்தான் சொன்னார்.